அந்தமானில் மூன்று நாள் நடை: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்



ஒரு வாரமாக போன் ஓயவில்லை. "டீச்சர், அந்தமான் போறீங்களாமே, நடந்தே சுத்தப் போறீங்களாமே?" என்று பிள்ளைகள். "அக்கா, உனக்கு ஏன் இந்த வயசுல இதெல்லாம்?" என்று தம்பி. ஆளுக்கு ஒரு பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆமாம், போகிறேன். பிப்ரவரியில், லிட்டில் அந்தமான் தீவுக்கு. கடற்கரை ஓரமாக மூன்று நாள், மூன்று காலை, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடக்கப் போகிறேன். துணைக்கு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வருகிறாள். இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடியே பார்க்கிற வேலை. "நின்னே பழகின காலு டீச்சர், நடக்கச் சொன்னா சந்தோஷமா நடக்கும்" என்றாள். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் ஒன்றாகப் போட்டு வருகிறாள். இன்னொரு மாணவி கல்யாணமாகி அந்தத் தீவின் ஹட் பேயிலேயே குடியிருக்கிறாள். அவள் வீட்டை நம்பித்தான் இந்தத் திட்டம்.

ஏன் அந்தமான் என்று கேட்பவர்களுக்கு: இந்திய வரைபடம் வரையச் சொன்னால் நீங்கள் எல்லாரும் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை அழகாக வளைத்துக்கொண்டு வந்துவிட்டு, வலது ஓரத்துப் புள்ளிகளை வைக்காமலே நோட்டை நீட்டுவீர்கள். நான் ஒரு மார்க் குறைப்பேன். ஞாபகம் இருக்கிறதா? இப்போது கூட வரும் இதே பெண்தான் ஒரு நாள் கேட்டாள், "அந்தப் புள்ளியில எல்லாம் ஆளுங்க இருக்காங்களா டீச்சர்?" என்று. இருக்கிறார்கள் என்று சொன்னேன். முப்பத்தாறு வருடம் அந்தப் புள்ளிகளை வைக்கச் சொன்னவள் ஒன்றையாவது மிதித்துப் பார்க்க வேண்டாமா? அவ்வளவுதான் காரணம். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆனால் என் மகன் கேட்ட கேள்வி வேறு. "அங்க உனக்கு ஒன்னு ஆச்சுன்னா என்னம்மா பண்றது?"

இந்தக் கேள்வியை நான் தட்டிவிடவில்லை. அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு அன்றைக்கு நெஞ்சு வலி வந்தபோது நாங்கள் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். அப்படியும் முடியவில்லை. இருபது நிமிட தூரத்திலேயே அப்பாவைக் காப்பாற்ற முடியாத பிள்ளைக்கு, அம்மா கடலுக்கு நடுவே போய் நிற்பது எப்படி இருக்கும்? ஹட் பேயில் அரசு சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ போர்ட் பிளேர் வரவேண்டும். (2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) கப்பல் என்றால் அதுவே பல மணி நேரம்.

அதனால் கடந்த நான்கு மாதமாக நான் செய்த தயாரிப்பு எல்லாமே அவனுடைய அந்த ஒரு கேள்விக்கு விடை தேடத்தான். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். நடக்கப் போகிறவர்களுக்கு உதவும். நடக்காதவர்களுக்கும் ஒரு சில விஷயம் உதவும்.

முதலில் கால்.

எனக்குச் சர்க்கரை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரைதான், ஊசி இல்லை. டாக்டரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னபோது அவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் "செருப்பைக் கழட்டுங்க" என்றார். மேசையிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்தார். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நரம்பு. பத்து கிராம் அழுத்தம் கொடுத்ததும் அது வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொடுவது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும்.

வலது காலில் எல்லா இடத்திலும் "ம்" சொன்னேன். இடது காலில் கட்டை விரலுக்கு அடியிலும், அதற்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்திலும் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. "தொடுங்க டாக்டர்" என்றேன். "தொட்டுட்டேம்மா" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. அந்த இடத்தில் முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. மத்தியான வெயிலில் சுட்ட மணலில் நின்று தோல் வெந்தாலும் தெரியாது. தீவுக் கரையில் பவளப்பாறைத் துண்டு கிடக்கும். அது கிழித்த காயம் சுலபத்தில் ஆறாது. சர்க்கரை உள்ளவர்கள் காலை இழப்பது பெரும்பாலும் பெரிய விபத்தில் இல்லை. தெரியாமல் போன ஒரு சின்னக் காயத்தில்தான்.

"அப்ப போகவேண்டாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போகலாம். ஆனா இடது காலுக்கு இனிமே உங்க கண்ணுதான் நரம்பு. அது பார்க்கலன்னா யாரும் சொல்லமாட்டாங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். சர்க்கரை உள்ள எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது. ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், கல்லோ ஆணியோ இருக்கும். சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், இரத்தம் பட்டால் கண்ணில் படும். நனைந்த சாக்ஸோடு இருக்கக் கூடாது. தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. காலுக்கு வெந்நீர் ஒத்தடம், நெருப்பில் காட்டுவது எல்லாம் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த நைலான் நரம்புப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, நடைப் பயிற்சி.

நம் ஊரில் நடக்க இடம் ஏது? நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே நடுரோட்டில் நடந்து வருவேன். இன்றைக்கு அது ஆறு வழிச் சாலை. கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது. ஆகவே ஏரிக்கரைதான். காலை ஐந்தரைக்கு ஏறினால் முதல் ஷிப்ட் பஸ்கள் போகிற வெளிச்சம் கீழே தெரியும். சில பஸ்ஸிலிருந்து "டீச்சர்!" என்று கையாட்டுவீர்கள். யாரென்று எனக்குத் தெரியாது, நானும் கையாட்டுவேன்.

ஆனால் ஏரிக்கரை கெட்டி மண். கடற்கரை அப்படியில்லை. இளகிய மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். காலை ஊன்றும்போது மணல் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவதால் பாதி உழைப்பு அதற்கே போகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்தப் பெண்ணும் வாலாஜாபாத் போய் பாலாற்று மணலில் நடந்தோம். முதல் நாள் இரண்டு கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. எட்டாவது வாரத்தில் முதுகில் பையோடு ஆறு கிலோமீட்டர்.

அந்த ஆறு கிலோமீட்டர் முடிந்த அன்றுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. கை நடுங்கியது, குப்பென்று வேர்த்தது. கையோடு கொண்டுபோயிருந்த கருவியில் பார்த்தால் சர்க்கரை 68. குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி பார்த்து, இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். நல்லவேளை, இது பாலாற்றில் தெரிந்தது. நடக்கும் நாட்களில் காலை மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தோம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் சென்னையில் நடத்திவரும் ஆமை நடை அது. பங்குனி ஆமை முட்டையிட வரும் காலத்தில் நள்ளிரவுக்குக் கிளம்பி ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். "பாட்டி, உக்காந்து வரீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். "பாட்டி இல்ல, டீச்சர்" என்றாள் நம் பெண். கடைசி வரை நடந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

மூன்றாவது, கடலின் நேரம்.

அந்தத் தீவில் நம் கடிகாரத்துக்கு வேலை கம்மி. ஓதம்தான் கடிகாரம். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டர் அளவில்தான். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஏற்றத்தில் மணலே இல்லாமல் மரத்தின் வேர் வரை தண்ணீர் வந்து நிற்கும் இடங்கள் உண்டு என்று ஹட் பே மாணவி சொன்னாள். வற்றத்தில் அதே இடம் ஈரமாக, கெட்டியாக, சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும்.

ஆகவே வற்றம் காலையில் வருகிற நாட்களைத் தேட வேண்டும். போர்ட் பிளேர் ஓத அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டோம். பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் காலை ஏழு மணியை ஒட்டி வற்றம். மறுநாள் ஏழு ஐம்பது. அதற்கடுத்த நாள் எட்டே முக்கால். வெயில் ஏறுமுன் நடந்து முடிக்க இதைவிட நல்ல நாட்கள் கிடையாது. நடை தேதியை ஓதம்தான் குறித்தது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் லீவு எழுதிக் கொடுத்தாள்.

இன்னொன்று. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம், ஆனால் கடிகாரம் ஒன்றே. அதனால் பிப்ரவரியில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான்காம் வகுப்பில் நடத்திய பாடம்தான், இப்போது எனக்கே தேவைப்படுகிறது.

நான்காவது, சுமை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் மணலில் நடக்கும் காலைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் வைத்திருக்கிறோம். அதுவே மூன்று கிலோ. நான் தூக்கக்கூடியது மொத்தம் ஆறு கிலோ என்று பாலாற்றில் தெரிந்துவிட்டது. மீதி மூன்று கிலோவுக்குள் மருந்து, சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ், உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுப்போடும் துணி, கண்ணாடி, நான்கு ஜோடி சாக்ஸ், கொசுவலை, விசில், டார்ச் எல்லாம் அடங்க வேண்டும். சாப்பாட்டுக்கு அவல், வறுகடலை, கொஞ்சம் புளிக்காய்ச்சல். தராசில் வைத்து வைத்து எடுத்தேன். புடவை ஒன்று வைத்தேன், 600 கிராம், எடுத்துவிட்டேன். சுடிதார்தான். பெரியவர்கள் மன்னிக்க.

இப்படித் தராசு வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. நம் பக்கத்தில் இப்போது எதற்கும் தயாராகிப் போகவேண்டிய அவசியமே இல்லை. இரவு இரண்டு மணிக்கும் டீக்கடை, மெடிக்கல் ஷாப் திறந்திருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குச் சுடச்சுடப் பரோட்டா கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு காலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அறுபத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஐந்தாவது, எங்கே கால் வைக்கக் கூடாது என்பது.

எங்கள் பாதை கிழக்குக் கரையில் மட்டும். ஹட் பே படகுத்துறையில் தொடங்கி, நேதாஜி நகர், பட்லர் பே வழியாக வடக்கே விவேகானந்தபுரம் பக்கம் வரை. உள்ளே சற்றுத் தள்ளி ரோடு கூடவே போகிறது, ஊர்கள் இருக்கின்றன. தீவின் பெரும்பகுதி ஓங்கி பழங்குடியினருக்கான காப்பிடம். 1956-ம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அதற்குள் நாம் போகக் கூடாது. நூற்றுச் சொச்சம் பேர்தான் அவர்கள். சாதாரணச் சளிக் காய்ச்சலைக்கூட நாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஐந்நூறு கிலோ வரை எடையுள்ள பெரிய தோல்முதுகு ஆமைகள் வருவது அந்தப் பக்கத்துக் கரைகளுக்குத்தான். அவற்றைப் பார்க்க முடியாது. பரவாயில்லை, அவை நம்மைப் பார்க்க வரவில்லை.

ஓடைகள் கடலில் சேரும் முகத்துவாரங்களில் உவர்நீர் முதலை உண்டு. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு உங்களைச் சுற்றுலா அழைத்துப் போனேனே, அங்கே 'ஜாஸ்' என்று ஒரு பெரிய முதலையைப் பார்த்து வாயைப் பிளந்தீர்களே, அதே இனம். போன மாதம் போய் மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்தது. அந்த அசையாமையைத்தான் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளப் போனேன். முகத்துவாரத்தில் தண்ணீர் இருந்தால் இறங்குவதில்லை. எவ்வளவு தூரம் சுற்றினாலும் ரோட்டுப் பாலத்துக்கு ஏறிக் கடப்பது என்று முடிவு.

மணல் ஈ கடிக்கும். சொறிந்தால் புண்ணாகும், எனக்கு அது ஆகாது. அதனால் முழுக்கை, முழுக்கால், தேங்காய் எண்ணெய். தென்னை மரத்தடியில் உட்காரக் கூடாது. கரையில் இரவு தங்க வனத்துறை அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் ஊருக்குள் படுத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

தரை விடாமல் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, பையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஹட் பே கடைத்தெருவைக் கடல் வாரிக்கொண்டு போனது. அதே தீவில் டுகாங் கிரீக்கில் இருந்த ஓங்கி மக்கள் கடலின் போக்கைப் பார்த்து மேட்டுக்கு ஏறிவிட்டதால் பிழைத்தார்கள்.

இந்தத் தயாரிப்பில் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். நேரில் பார்த்ததில்லை. சதீஷ் பாஸ்கர் என்று பெயர். கேரளத்துக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவருக்குப் படிப்பைவிடக் கடல் பிடித்துப்போனது. ராமுலஸ் விட்டேகரோடு சேர்ந்து கிண்டி பாம்புப் பண்ணையில் தொடங்கியவர். கடல் ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று தேடி 1970-களின் இறுதியிலிருந்து லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்தே பார்த்தவர்.

1982-ல் அவர் லட்சத்தீவில் ஆள் குடியில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கினார். பச்சை ஆமைகள் முட்டையிடுவது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் படகு போகாது. ஆகவே மே மாதம் இறங்கினால் செப்டம்பரில்தான் திரும்ப முடியும். ஐந்து மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் எண்ணி எடுத்துப் போகவேண்டும், மறந்தால் மறந்ததுதான். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். ஜூலை 3 அன்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இருபத்து நான்கு நாள் கழித்து இலங்கைக் கரையில் ஒரு மீனவர் அதை எடுத்தார். தன் கையால் ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்து அந்த அம்மாவுக்கே தபாலில் அனுப்பிவைத்தார். சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். 'டர்ட்டில் வாக்கர்' என்று அவரைப் பற்றி 2024-ல் ஒரு படம் வந்திருக்கிறது.

எல்லாரும் அந்த பாட்டில் கதையைச் சொல்லி வியக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் என் மனது நின்றது அந்த அம்மாவிடம். கடிதம் வரும் என்று தெரியாமலே கைக்குழந்தையோடு அவர் கழித்த நாட்கள். போகிறவருக்கு அரிசி, மருந்து, பாட்டில் என்று தயாரிப்பு இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்கு என்ன இருக்கிறது?

இதை யோசித்த பிறகுதான் நான் மகனை உட்காரவைத்துப் பேசினேன். "பயப்படாதே, ஒன்னும் ஆகாது" என்று சொல்லவில்லை. அது பொய். ஏதாவது ஆகலாம். பதிலாக, "நான் எங்கே எங்கே நிறுத்தணும்னு நீயும் சேர்ந்து எழுது" என்றேன். பாடக்குறிப்பு எழுதுகிற பழைய நோட்டில் எழுதினோம். அதை இங்கேயும் போடுகிறேன்.

1. காலில் கொப்புளம், கீறல், சாக்ஸில் இரத்தம், எது தெரிந்தாலும் நடை அதோடு முடிந்தது. அடுத்த ஊரில் ஏறி வண்டியில் திரும்புவது.

2. காலை ஒன்பதரைக்கு மேல் நடப்பதில்லை. மூன்றாம் நாள் வற்றம் தாமதமாக வந்தாலும் அதே நேரம்தான்.

3. பாதித் தண்ணீர் தீர்ந்தும் பாதித் தூரம் போகவில்லை என்றால் திரும்புவது.

4. முகத்துவாரத்தில் இறங்குவதில்லை.

5. கிளம்பும் முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டு, மறுபடி பார்த்த பிறகே கிளம்புவது.

6. காலையில் கிளம்பும்போதும் முடித்ததும் ஹட் பே மாணவிக்குச் சொல்வது. கரையில் எல்லா இடத்திலும் செல்போன் எடுக்காது. பத்தரைக்குள் தகவல் இல்லையென்றால் அவள் கணவர் வண்டியில் தேடி வருவார். மகனுக்கு அவள் சொல்லுவாள்.

ஆறும் நான் சொன்னவை. மகன் நோட்டை வாங்கி ஏழாவதாக ஒன்று எழுதினான்.

7. கூட வரும் பெண் "போதும்" என்றால் போதும்.

"இது எதுக்குடா தனியா?" என்றேன். அவன் சொன்னான்: "அம்மா, நீ அவளுக்கு டீச்சர். உன் முகம் வெளுத்துப் போனாகூட 'நிறுத்துங்க'ன்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. முன்னாடியே நீ அதிகாரம் கொடுத்துட்டுப் போ. அதுவும் எல்லார் முன்னாடியும் கொடு."

நான் பதில் பேசவில்லை. அவன் சொன்னது சரி. உங்களுக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்காரக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். பரிசோதனைப் பிரிவில் தினம் ஆயிரம் உருப்படியைப் பார்த்து "இது தேறாது" என்று தயங்காமல் ஒதுக்குகிற பெண், என் முன்னால் மட்டும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள்.

ஆகவே எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறேன். அம்மா, இந்த மூன்று நாளும் நீதான் டீச்சர். நீ நில் என்றால் நிற்பேன். பத்தடி தூரத்தில் பட்லர் பே தெரிந்தாலும் நிற்பேன். ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்டால் இந்தப் பதிவை எடுத்துக் காட்டு.

மகன் முழுதாகச் சமாதானம் ஆகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்று இரவு டியூட்டி முடிந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்தான். பிரித்தால் கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடி, உள்ளங்கால் பார்க்க. நான் வைத்திருந்த கண்ணாடி 400 கிராம். இது 90 கிராம்.

இனி சில வேண்டுகோள்கள்.

அந்த மூன்று நாளும் எனக்குப் போன் செய்யாதீர்கள். எடுக்கவில்லை என்று பதறாதீர்கள். தகவல் வேண்டுமானால் மகன் இந்தப் பக்கத்திலேயே போடுவான்.

சங்கு, சிப்பி, பவளம் கொண்டுவரச் சொல்லி நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். பவளத்தை எடுத்துவருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சங்கு, சிப்பியையும் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பிடித்துவிடுவார்கள். வெறுங்கையோடுதான் வருவேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்திய வரைபடம் வரைந்தால் வலது பக்கத்திலும் இடது பக்கத்திலும் புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மார்க் குறையுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களில் பலருக்கும் இப்போது நாற்பது வயதை ஒட்டுகிறது. நைட் ஷிப்ட், வேளை கெட்ட சாப்பாடு. சர்க்கரை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிறது என்றால் இன்று இரவு படுக்கும் முன் உள்ளங்காலை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அம்மா, அப்பா காலையும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்